சுவரடியில் உட்கார்ந்திருந்தவர்

கோபிசெட்டிபாளையம் சந்தை ரோட்டில் நான் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, காண்டிராக்டரின் ஆள் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "செவுத்துக்காரரு காலையில போய்ச் சேந்துட்டாருங்களாம். பீளமேட்டுலிருந்து ஆளு வந்திருக்குதுங்க" என்றார். ஓவர்சியர் சென்னியப்பனைத்தான் அப்படிச் சொன்னார். கோயமுத்தூர்ச் சீமையில் ரோட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர்களில் பெரும்பாலானவை அவர் போட்ட கணக்கில் எழுந்தவை என்பதால் அந்தப் பெயர். செய்தியைக் கேட்டு அங்கிருந்த கொத்தனார்கள் வேலையை நிறுத்தவில்லை. ஒருவர் மட்டும் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, இனிமேல் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அந்தக் கொத்தனார் கெட்ட மனிதர் அல்ல. சென்னியப்பனிடம் வேலை பார்த்தவர், அவ்வளவுதான்.

நம் ஓவர்சியர் சங்கத்தார் இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னதற்குக் காரணம், நானும் அவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பது. நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் வசவு வாங்காத காண்டிராக்டர் இல்லை. அவரால் ஒருநாளாவது தூக்கம் கெடாத மேஸ்திரி இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் அந்த வகையில் அவரை அறிந்தவர்கள். இரக்கமுள்ள மனிதர் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

வசவு என்று சொன்னேன். அது சரியல்ல. அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நம் பக்கத்தில் மரியாதைச் சொல்லுக்குப் பஞ்சமில்லை என்றாலும் மண் சுமப்பவர்களுக்கும் கல் உடைப்பவர்களுக்கும் அதை யாரும் செலவழிப்பதில்லை. வாடா போடாதான். சென்னியப்பன் மட்டும் அவர்களையும் 'வாங்க, போங்க' என்பார். ஆனால் அந்த 'ங்க' கல்லைப்போல வந்து விழும். ஒரு சித்திரை வெயிலில், கசிவுத் துளைகளைச் சாந்து போட்டு அடைத்துவிட்டார்கள் என்பதற்காக, தோளுயரம் எழும்பியிருந்த சுவரைக் காட்டி, "இதைக் கொஞ்சம் எடுத்துப்போடுங்க" என்றார். துளை வழியாகத் தண்ணீர் வெளியேறாவிட்டால் மழைக்காலத்தில் மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். துளையை மட்டும் குத்திவிடுகிறோம் என்று கொத்தனார் கெஞ்சினார். அவருக்கு வயதாகியிருந்தது. சென்னியப்பன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசிக் கல் கீழே இறங்கும்வரை வெயிலில் நின்றார். அந்தக் கிழவர் அழுததைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார்.

அதைக்கூட நான் மறந்துவிடுவேன். கோபியில் குமரப்பன் என்ற காண்டிராக்டருக்கு அவர் செய்ததை மறக்க முடியாது. அப்போது ஜில்லா முழுவதற்கும் சுவர் வேலைகளின் மேற்பார்வை சென்னியப்பன் கையில் இருந்தது. அவர் வைத்திருந்த பரீட்சை உங்களுக்குத் தெரியும். சுவர் முடிந்து, பின்னால் மண் நிரப்பி, ரோடும் போட்ட பிறகு, ஜல்லி அமுக்கும் ரோலரைச் சுவரின் விளிம்பை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார். கீழே, சுவரடியில், இரண்டு நாற்காலி போடச் சொல்வார். ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் காண்டிராக்டர் உட்கார வேண்டும். உச்சி வெயில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை. குமரப்பன் வந்தார், நாற்காலியைப் பார்த்தார், மேலே ரோலரைப் பார்த்தார். தனக்கு வயிறு சரியில்லை என்றார். நாளைக்கு உட்காருகிறேன் என்றார். கடைசியில் முடியாது என்றே சொல்லிவிட்டார்.

"நீங்க கட்டின செவுத்துக்கு நீங்களே பயந்தா, ரோட்டுல போறவங்களுக்கு நான் என்னங்க சொல்றது?" என்று கேட்டார் சென்னியப்பன். சுவரை அஸ்திவாரம்வரை பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். குமரப்பனின் மனைவி வந்து காலில் விழுந்தாள். "எந்திரிங்க அம்மணி" என்றார், உத்தரவை மாற்றவில்லை. சுவரைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு குறையும் இல்லை. கல் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்தது, சாந்து இறுகியிருந்தது, அடியகலம் படத்தில் உள்ளபடி இருந்தது. குமரப்பன் பயந்த சுபாவம் உள்ளவர், அதுதான் அவர் செய்த குற்றம். சுவரில் குறையில்லை என்று நான் கோபத்தோடு போய்ச் சொன்னேன். "நல்ல செவுருதானுங்க, நானும் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். வருத்தம் தெரிவிக்கவில்லை. குமரப்பன் அதன்பின் வேலை எடுக்கவில்லை. ஊரை விட்டே போனார். அதற்காக நான் சென்னியப்பனை மன்னித்ததில்லை. இறந்துபோனார் என்பதற்காக இப்போது மன்னிப்பதாகவும் இல்லை.

ஆனால் இலாகாவில் இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர், அவர் இப்படி ஆன பிறகு சேர்ந்தவர்கள். அதற்கு முன்னால் இருந்த சென்னியப்பனை நான் அறிவேன். அவர் சத்தமாகச் சிரிப்பார். ஆபீசில் யாருக்கு லீவு வேண்டுமானாலும் அவர் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்வார். மேஸ்திரிகள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். யாராவது வந்து ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயர்தான் பள்ளத்துச் சுவருக்கு எமனாக வந்தது.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அப்பால், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு வழி, பள்ளம் ஒன்றைத் தாண்டி மேட்டில் ஏறுகிறது. நம் பக்கத்தில் பள்ளம் என்றால் ஓடை என்பது வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுவண்டி போய்வந்த மண்கரைதான் அந்த வழி. மலையிலிருந்து கரண்டு வந்ததும் மேட்டில் ஒரு பஞ்சு மில் எழும்பத் தொடங்கியது. மாட்டுவண்டிக் கரையின்மேல் லாரிகள் ஓடத் தொடங்கின. கரையை உயர்த்தி அகலப்படுத்தி, சரியாமலிருக்க ஒரு பக்கம் தாங்குசுவர் கட்ட வேண்டும். வேலை சென்னியப்பனுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே கணக்குதான் போடுவோம். சுவரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அடியகலம். மண்ணைத் தாங்க அது போதும். மண்ணின்மேல் நிற்கும் வண்டியின் பளு பக்கவாட்டில் இறங்கிச் சுவரைத் தள்ளும் என்பதை, மாட்டுவண்டிகள் மட்டும் ஓடியவரை, யாரும் பெரிதாக எண்ணவில்லை. மேலே நிற்கும் அந்தப் பளுவை ஆபீசில் சர்சார்ஜ் என்போம். சென்னியப்பன்தான் அதை முதலில் ஒழுங்காகக் கணக்கில் எடுத்தார். "லாரி வந்துட்டுப் போயிருதுன்னு நெனைக்காதீங்க. ரோட்டு மேல இன்னும் இத்தனை அடி மண்ணு குமிஞ்சு கெடக்குதுன்னு நெனைச்சுக் கணக்குப் போடுங்க" என்பார். அப்படிப் போட்டுப் பார்த்தபோது பள்ளத்துச் சுவருக்கு உயரத்தில் பாதி அடியகலம் வேண்டியிருந்தது. ரோட்டுப் பக்கம் தோண்டி அகலப்படுத்தலாம் என்றால், மில்லுக்கு இருந்த ஒரே வழியை மூட வேண்டும். மில்லுக்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். மீதி இருந்தது பள்ளத்துப் பக்கம். அங்கே பண்ணையாட்கள் குடியிருந்த வளவு இருந்தது. கரையை ஒட்டினாற்போல் சில வீடுகள். அவற்றை எடுத்தால்தான் சுவரின் அடி உட்காரும்.

எடுக்க வேண்டிய வீடுகளில் சுண்ணாம்பால் குறியடிக்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். வளவில் பாதிப்பேர் கிறிஸ்தவ வேதக்காரர்கள், பாதிப்பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எல்லோரும் ஒரே பண்ணாடியின், அதாவது நிலக்காரரின், காட்டில் வேலை செய்தவர்கள். அந்தப் பண்ணாடி வேறு இடம் ஒரு சாண்கூடத் தரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். சூசையம்மாள் என்ற பெண் முன்னால் வந்தாள். நிறைமாதம். அவள் புருஷன் அந்தோணி பின்னால் நின்றான். அவள்தான் கேட்டாள்.

"இந்த ஊட்டை உட்டுப்போட்டு நாங்க எங்கீங்க சாமி போறது? பொறக்கப்போறதை ரோட்டுலயா போட்டுக்கறது?"

சென்னியப்பன் சுண்ணாம்புச் சட்டியை வைத்துக்கொண்டு நின்ற ஆளைத் திரும்பிப் போகச் சொன்னார். மறுநாள் படத்தை மாற்றினார். அடியகலத்தைக் குறைத்தார். அதற்கு ஈடாக, ரோட்டின்மேல் சுவர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிக் கருங்கல் கம்பங்களை வரிசையாக நட்டு, எந்தச் சக்கரமும் சுவருக்குப் பக்கத்தில் வராதபடி தடுத்தார். சக்கரம் தள்ளி நின்றால் பளு சுவரை எட்டாது. கணக்குப்படி அது சரிதான். நானும் பார்த்தேன், மேலதிகாரியும் பார்த்தார். ஒருவரும் குறை சொல்லவில்லை. வளவுக்காரர்கள் சுவர் வேலைக்கு மகிழ்ச்சியாகவே கல் சுமந்தார்கள். சூசையம்மாளுக்குக் குழந்தை பிறந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மில்லுக்குப் பாய்லர் ரயிலில் வந்து இறங்கியது. அதை இரும்புச் சக்கர வண்டியில் ஏற்றி லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். கம்பங்கள் விட்ட அகலத்துக்குள் வண்டி நுழையவில்லை. மழை நிற்கும்வரை காத்திருக்கலாம், இலாகாவைக் கேட்டிருக்கலாம். மில் ஆட்கள் கம்பங்களைப் பிடுங்கினார்கள். வண்டி ஏற்றத்தில் பாதி ஏறி, சேற்றில் அழுந்தி, சுவரின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டது. இன்னொரு லாரி கொண்டுவரப் போனார்கள். பாய்லர் அங்கேயே நின்றது.

சென்னியப்பனும் நானும் அன்று பெரியநாயக்கன்பாளையத்தில் ரோலர் கொட்டகையில் இருந்தோம். கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ரோட்டுக் கூலி ஒருவர் ஓடிவந்து சொன்னார். சென்னியப்பன் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் போனேன். நாங்கள் பள்ளத்தை எட்டுவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. இடி என்றுதான் நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கணம் சைக்கிளின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடி மிதித்தார்.

சுவரின் நடுப்பகுதி பெயர்ந்து வீடுகளின்மேல் கிடந்தது. அதற்கு நேர் மேலே, மண் அறுந்துபோன விளிம்பில், பாய்லர் வண்டியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. கல்லுக்கு அடியிலிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது. சொல் எதுவும் இல்லை, குரல் மட்டும். வளவுக்காரர்கள் கற்களை நோக்கி ஓடினார்கள். சென்னியப்பன் சரிவில் குதித்திறங்கி, இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்தார்.

"யாரும் கிட்டப் போகாதீங்க. மொதல்ல பாய்லரைக் கட்டுங்க."

அவர் சொன்னதன் நியாயம் எனக்குத் தெரிந்தது. அந்த வண்டி சரிந்தால் தோண்டுகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போவார்கள். ஆனால் கேட்டவர்களுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. மனிதன் உள்ளே கிடக்கிறான், இவர் மில்லுக்காரரின் சொத்தைக் காப்பாற்றச் சொல்கிறார் என்றே கேட்டது. தாண்டிப் போகப் பார்த்த ஒருவனை அவர் பிடித்துக் கீழே தள்ளினார். மில்லின் சங்கிலிகள் வந்தன. எதிர்ப்பக்கத்துப் புளியமரங்களில் சுற்றி வண்டியை இழுத்துக் கட்டினோம். அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. வளவில் ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். கட்டி முடிவதற்கு முன்பே அந்தக் குரல் நின்றுவிட்டது. பண்ணாடியின் மாட்டுத் தொழுவத்திலிருந்து ஓடிவந்த சூசையம்மாளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் குரலையும் கேட்டாள், அது நின்றதையும் கேட்டாள்.

கட்டியானதும் முதலில் இறங்கியவர் சென்னியப்பன்தான். கடப்பாரை வருவதற்குக் காத்திராமல் கையால் கல்லைப் புரட்டினார். அவருடைய நகங்கள் பெயர்ந்தன. காய்ச்சலில் படுத்திருந்த அந்தோணியை எடுத்தோம். பக்கத்து வீட்டில் கண் தெரியாமல் கிடந்த ஒரு மூதாட்டியை எடுத்தோம். குழந்தை தூளியிலேயே இருந்தது. அதன்மேல் காயம் எதுவும் தெரியவில்லை. தூங்குகிறது என்று நினைத்து ஒரு பெண் வாங்கி நெஞ்சோடு அணைத்தாள், பிறகுதான் கத்தினாள்.

வண்டியைக் கட்டாமல் விட்டிருந்தால் விழுந்திருக்குமா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். யாராலும் சொல்ல முடியாது. கட்டினோம், விழவில்லை. மில் மேனேஜர் அன்று சாயங்காலமே குடை பிடித்துக்கொண்டு வந்து, பாய்லரை நாளைக்கு நகர்த்த முடியுமா என்று சென்னியப்பனிடம் கேட்டார். முடியும் என்று சென்னியப்பன் சொன்னார்.

விசாரணை நடந்தது. கம்பங்கள் மழையில் தாமாகவே சாய்ந்துவிட்டன என்று மில் பக்கத்தில் சொன்னார்கள். விசாரித்த அதிகாரி அதை நம்பவில்லை. ஆனாலும் மில்லின்மேல் குற்றம் எழுத அவருக்கு மனம் வரவில்லை. படத்தில் பிழையில்லை, கம்பங்களும் காட்டப்பட்டிருக்கின்றன, ஆகையால் சென்னியப்பன்மேலும் குற்றமில்லை என்றார். மழைதான் காரணம் என்று முடிந்தது. சென்னியப்பன் எழுந்து, சுவர் தன்னுடையது என்றும், பளு இருக்கும் என்று தெரிந்தே மெலிதாகக் கட்டியவன் தான் என்றும் சொன்னார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். அதை எழுதிக்கொள்ளவில்லை. படியில் இறங்கி வரும்போது சென்னியப்பன் என்னிடம் சொன்னார்: "நல்லவங்க ஓட்டுவாங்கன்னு நம்பிச் செவுரு கட்டப்படாதுங்க. கம்பத்தைப் புடுங்கறவனுக்கும் சேத்துத்தான் கட்டோணும்." அவர் சிரித்து நான் பார்த்த காலம் அதோடு முடிந்தது.

சுவரைத் திரும்பக் கட்டும் வேலையைத் தானே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தமுறை முழு அடியகலம். மிஞ்சியிருந்த வீடுகளும், சூசையம்மாளின் வீட்டில் இடியாமல் நின்ற ஒரு பக்கமும், எல்லாம் போயாக வேண்டும். ஆளனுப்பாமல் அவரே போய்ச் சொன்னார். என்ன துணிச்சலில் போனார் என்று எனக்குப் புரியவில்லை. பெண்கள் கெஞ்சினார்கள். செத்தது போதாதா என்று கேட்டார்கள். "ஆகாதுங்க. எடுத்துப்போடுங்க" என்றார். ஒரு கிழவர் இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் முகத்தில் தூற்றினார். மற்றவர்களும் தூற்றினார்கள். சென்னியப்பன் அசையவில்லை. சட்டையைத் தட்டிக்கொள்ளக்கூட இல்லை. அவர்கள் ஓய்ந்து உட்காரும்வரை நின்றுவிட்டு, பிறகு சுண்ணாம்புச் சட்டிக்காரனைக் கூப்பிட்டார். அன்று சூசையம்மாள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பானைகளைத் தூக்கி வெளியில் வைத்தாள்.

அவர்களில் சிலர் கங்காணியோடு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். மலைக்காய்ச்சலில் எத்தனைபேர் திரும்பவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. போகாதவர்களுக்கு வேறு வேலை இல்லாததால், தங்கள் வீட்டை இடித்துக் கட்டிய அந்தச் சுவருக்கே கல் சுமந்தார்கள். சூசையம்மாள் ரோட்டோரம் உட்கார்ந்து ஜல்லி உடைத்தாள். சுவர் முடிந்ததும் சென்னியப்பன் ரோலரை விளிம்பில் நிறுத்திவிட்டுச் சுவரடியில் போய் உட்கார்ந்தார், அந்தோணியின் வீடு இருந்த இடத்துக்கு நேராக. மில் மேனேஜருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். அவர் வரவில்லை. அந்தப் பரீட்சை தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதன்பின் அவர் எத்தனை வீட்டை எடுத்தார், எத்தனை தென்னையை வெட்டினார், எத்தனை கிணற்றைத் தூர்த்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை நான், உங்கள் பெயரைச் சொல்லி ஜில்லா முழுக்கத் திட்டுகிறார்களே என்றேன். "திட்டறதுக்கு ஆளு உசுரோட இருக்கறாங்கல்லங்க" என்றார். அதைக் கேட்டபோது திமிர் என்று நினைத்தேன்.

கடைசியில் முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்து குப்புறப் படுத்துவிட்டார். பல வருஷத்துச் சர்க்கரை வியாதி. பீளமேட்டில் அவர் வீட்டுக்கு நான் பார்க்கப் போனேன். கட்டு மாற்றும்போது வந்த வாடையில் என்னால் நிற்க முடியவில்லை. அவர் மனைவி செல்லம்மாள் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, "இந்த ஊட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு வருசக்கணக்காச்சுங்ணா. எங்கூடச் சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலாமுங்க" என்றாள். உள்ளே திரும்பியபோது சென்னியப்பன் தலையணையில் முகத்தைப் புதைத்தபடியே கேட்டார்:

"அந்தக் கொழந்தைக்குப் பேரு வெச்சிருந்தாங்களா, தெரியுங்களா?"

எந்தக் குழந்தை என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்றேன். விசாரித்துச் சொல்லட்டுமா என்றதற்குத் தலையை அசைத்தார். அது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று அவர் படுத்திருந்த நிலையில் விளங்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

சாவுக்கு அதிகம்பேர் வரவில்லை. இலாகாவில் சிலர், உறவில் சிலர். காண்டிராக்டர்கள் ஒருவரும் இல்லை. பாடை ரோட்டில் திரும்பும் இடத்தில், மரத்தடியில் ஒரு பெண் தனியாக நின்றாள். முடி நரைத்து உடம்பு வற்றியிருந்தாலும் சூசையம்மாள் என்று அடையாளம் தெரிந்தது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து யார் சொல்லி வந்தாளோ. நான் பின்தங்கி அவளிடம் போனேன். எதற்கம்மா வந்தாய் என்று கேட்டேன்.

"பாக்கோணும்னு வந்தேனுங்க சாமி. வேற ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

பாடை கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. பிறகு, நான் அங்கு நிற்பதை மறந்தவள்போலச் சொன்னாள்:

"பாய்லரைக் கட்டச் சொன்னதைக்கூட நான் ஒண்ணும் சொல்லலீங்க. அன்னிக்கு நான் போயிக் கேட்டப்பவே மாட்டேன்னு சொல்லியிருக்கோணுமுங்க அவரு. நாங் கேட்டேன்னு உட்டுப்போட்டாரு. நாந்தானுங்க கேட்டேன்."

குழந்தையின் பெயரைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

காரியம் முடிந்த சில நாளில் கோபிக்குத் தெற்கே, வாய்க்காலோரம் கரும்பு லாரிகள் போகும் ரோட்டுக்குச் சுவர் வேலை என் கைக்கு வந்தது. கீழே வீடுகள் இருக்கின்றன. இரக்கப்படுகிறவன் என்று எனக்கும் ஒரு பெயர் உண்டு. அதைக் கேள்விப்பட்டுத்தான் அங்கே ஒரு பெரியவர் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடியகலத்தைக் கொஞ்சம் குறைத்தால் அவர் வீடு தப்பும். லாரிகள் வேகத்தைக் குறைத்துப் போகும், ஓரமாகப் போகாது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார். அவர் சொன்னது அத்தனையும் நடக்கக்கூடியதுதான். குறைத்த சுவர் நூறு வருஷம் நின்றாலும் நிற்கும். எனக்குத் தெரியாது.

"ஆகாதுங்க" என்றேன்.

"நீங்க நல்லாவே இருக்கமாட்டீங்க. உங்க ஊடு வெளங்காதுங்க" என்று தொடங்கினார். வளவு முழுவதும் வந்து கூடியது. சைக்கிள் பக்கத்திலேயே இருந்தது, ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. சென்னியப்பனிடம் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு. குமரப்பனை நினைக்கும்போதெல்லாம் இன்றும் கொதிக்கிறது. அவையெல்லாம் அவரோடு போகட்டும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, மாட்டேன் என்று சொல்வதும், சொன்ன இடத்திலேயே நிற்பதும். பெரியவர் திட்டி முடித்து, பேரனை இடுப்பில் மாற்றிக்கொண்டு திரும்பும்வரை நின்றேன். பிறகு சுண்ணாம்புச் சட்டியை வாங்கி, அவர் வீட்டுச் சுவரில் என் கையாலேயே குறி போட்டேன்.